டேப் ஒட்டிய பட்டன்

எலும்பு மருத்துவம் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது ஒரு பேராசிரியர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நீ பிரசவம் பாரும்மா. இது தச்சு வேலை மாதிரி, கையில் வலு வேணும்" என்றார். காவாந்தண்டலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவளின் மகள் நான். பெண்ணின் கைக்கு வலு இல்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த எரிச்சலிலேயே எலும்பைப் படித்தேன். பிறகு அதிலும் கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் கோபம் குறையவில்லை. யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

ஒரு மதியம், காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஒரு கம்பெனி வேனில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மானாம்பதிக்காரி, சின்ன வயது. தகடு வெட்டும் பிரஸ் மிஷின் அவளுடைய வலது கட்டைவிரலை அடியோடு எடுத்திருந்தது. கூடவே சூப்பர்வைசர்.

"விரல் எங்கே?" என்றேன்.

டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினார். ஐஸ் தண்ணீரில் விரல் மிதந்துகொண்டிருந்தது, ஊறி வெளுத்துப்போய். ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். கம்பெனியில் ஒருவருக்குக்கூட அதைச் சொல்லித்தரவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்?"

"பக்கத்து கிளினிக்ல கட்டுப் போட்டுட்டு வந்தோம் மேடம். இந்தம்மாதான் கவனக்குறைவா மிஷின்ல கைய விட்டுட்டாங்க. வண்டியில இருந்து விழுந்ததா எழுதிக்கலாமா?"

அவரை வெளியே அனுப்பிவிட்டு, எப்படி நடந்தது என்று அவளிடம் கேட்டேன்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் மேடம் மிஷினு எறங்கும். ஸ்லோவா கீதுன்னு வலது பக்கத்து பட்டன அமுக்கி டேப்பு ஒட்டி வெச்சிட்டாங்க. எடது கையால அமுக்கிக்கினே வலது கையால பீஸு எடுக்கணும். எல்லா மிஷினும் அப்டித்தான் கீது." பிறகு கேட்டாள்: "வெரல ஒட்டிடுவீங்களா?"

கை உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே வைத்த இரண்டாவது பட்டன் அது. விபத்து நடந்த விதத்தை அவள் சொன்னபடியே எழுதினேன். விரலை ஒட்டினேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி, முடியைவிட மெல்லிய நூலில் ரத்தக்குழாயைத் தைத்தேன். ஒட்டிய விரல் நிலைக்கவில்லை. சில நாளில் கறுத்துப்போனது. நான் தைத்ததை நானே எடுத்தேன்.

கட்டைவிரல் இல்லாத கை வெறும் கொக்கி. காலின் இரண்டாவது விரலை எடுத்துக் கையில் வைக்கலாம் என்று சொன்னேன். அவள் கணவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"கையிதான் போச்சி. காலையும் இன்னாத்துக்கு வெட்றீங்க?"

"நீ சும்மா இரு" என்றாள் அவள். "செருப்பு போட்டா காலு யாருக்குத் தெரியும்? நான் புள்ளைக்கு ஜடை போடணும்."

அந்த அறுவை சிகிச்சை பலித்தது. ரத்தத்தை நிறுத்திப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்ததும் வெளுத்துக் கிடந்த விரல் மெல்லச் சிவந்தது. பயிற்சிக்கு ஒருமுறைகூடத் தவறாமல் வந்தாள். முதலில் பஞ்சு, பிறகு பட்டாணி, பிறகு ஊக்கு என்று பிடிக்கப் பழகினாள். அதன்பின் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

சில மாதம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பாதுகாப்பு விழாவாம். அவளை மேடையில் நிற்கவைத்து எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். "வருகிறேன். முதலில் மிஷினைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

பார்த்தேன். அவள் விரல் போன அதே மிஷினில் வேறொரு பெண் நின்றிருந்தாள். வலது பட்டனில் புது டேப். ஷெட் வாசலில் 'பாதுகாப்பே முதன்மை' என்று பேனர்.

நகத்தால் டேப்பைப் பிய்த்தேன். மிஷின் நின்றது.

"மேடம், ப்ரொடக்‌ஷன் நிக்குது" என்றார் அதே சூப்பர்வைசர்.

"நிக்கட்டும்யா! இன்னும் எத்தனை விரலை டிபன் பாக்ஸ்ல எடுத்துக்கினு வருவே?"

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சுதான் வரும். மேடை ஏறாமல் திரும்பினேன். மறுநாளே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்தேன். இழுத்தடித்தார்கள், விடாமல் போய் நின்றேன். கடைசியில் ஆய்வுக்கு வந்தார்கள். எல்லா மிஷினிலும் டேப் எடுக்கப்பட்டது.

உத்திரமேரூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் நோயாளிகளைப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு அவள் அங்கே வந்தாள்.

"கம்பெனிக்கு ஆள் புடிச்சி அனுப்புற ஏஜென்ட்டு இனிமே வேலைக்கு வராதன்னுட்டான் மேடம். நாந்தான் உங்ககிட்ட சொல்லிக்குடுத்தேன்னு. இப்ப களை எடுக்கப் போறேன்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதுல தப்பில்ல. ஆனா வேல போனது எனக்குத்தானே?"

ஏஜென்டிடம் போனில் கத்தினேன். லேபர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்றுவரை சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, ஊரில் அந்த ஏஜென்டின் முகத்தில் தினம் விழிக்க வேண்டியவள் அவள்.

கையைச் சோதிக்க என் விரலை நீட்டி, "இறுக்கிப் பிடி" என்றேன். பிடித்தாள்.

"வலிக்குதா மேடம்?"

"வலிக்குது."

"அப்ப நல்லாத்தான் கீது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.