அம்மா வலம் வந்த ஆகாயம்

விடுமுறை நாளில் பழைய இரட்டைச் சிறகு விமானத்தில் பறக்கலாம் என்று நண்பன் அழைத்துப் போயிருந்தான். இயந்திரம் இருமிக் கிளம்பியது. பெட்ரோலும் சூடான எண்ணெயும் கலந்த நெடி முகத்தில் அடித்ததும், காஞ்சிபுரத்து ஏரியின் வெடித்த மண் என் காலடிக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஏழு வயது. மதராசிலிருந்து இப்படியொரு விமானம் வற்றிய ஏரிக்குள் இறங்கியிருந்தது. ஆசைப்பட்டவர்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவதாக விமானி சொன்னார். தறிகளை நிறுத்திவிட்டு எங்கள் பிள்ளையார்பாளையமே வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. அம்மாதான் முன்னால் போனாள்.

"இன்னாடி இது? சாமி தலைக்கு மேல பறப்பியா? பாவம்டி!" அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவின் முகம் வாடியது. தறிக்குழியில் கால்விட்டே வளர்ந்தவள் அவள். சற்று யோசித்தாள். பிறகு விமானியிடம் சொன்னாள்: "கோபுரத்து மேல போவாதப்பா. சாமிய சோத்தாங்கைப் பக்கம் வெச்சிக்கினு சுத்தி வா."

"பிரதட்சணமா? சரிம்மா," என்று அவர் சிரித்தார். அப்பாவின் பிடி தளர்ந்தது.

புழுதியை உதறிக்கொண்டு எழும்பிய விமானம், ஏகாம்பரநாதர் கோயிலை எட்ட இருந்தே, பருந்தின் நிதானத்தோடு வலம் வந்தது. கீழே அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா இறங்கியதும் அப்பாவே முதலில் கேட்டார். "கோயில் எப்படிடி இருந்திச்சி?"

"யாரு பாத்தா? கண்ண மூடிக் கும்பிட்டுக்கினே வந்தேன்."

கூட்டமே சிரித்தது. அம்மா விமானியின் பக்கம் திரும்பினாள்.

"சாமிக்கு ஆச்சுப்பா. இன்னொரு சுத்து போலாம். இது எனக்கு."