வெள்ளிக்கிழமைக் கேசட்டுகள்

கல்பாக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று கேளம்பாக்கம் பிளாட்டுக்குக் குடிவந்ததும், என்னிடம் இருந்த கேசட்டுகள் அத்தனையையும் கேட்டு மார்க் போடுவதென்று முடிவு செய்தேன். தினமும் மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கேசட். இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்பேன், பிடிக்காத பாட்டை ஓட்டிவிட மாட்டேன். பாடியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சலுகை கிடையாது. தேதியும் கிழமையும் போட்டு, பத்துக்கு இத்தனை என்று நோட்டில் எழுதிவிடுவேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்கள்கூட இவ்வளவு நேர்மையாக இருந்திருக்க மாட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து என் மனைவி அந்த நோட்டைப் புரட்டினாள்.

"இன்னா இது, செவ்வா, வெள்ளி கேட்டதெல்லாம் மூணு, நாலுன்னே கீது? ஞாயித்துக்கெழம கேட்டதெல்லாம் எட்டு, ஒம்போது."

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி சமைப்பதில்லை. ஞாயிறு என்றால் கோவளத்து மீன்.

"மார்க்கு பாட்டுக்கா, கொழம்புக்கா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நோட்டைப் பிடுங்கிப் பக்கம் பக்கமாகத் தேடினேன். கிடைத்தது. ஒரு பழைய நாதஸ்வரக் கேசட், வெள்ளிக்கிழமை, ஒன்பது மார்க்.

"இதுக்கு இன்னா சொல்ற? அன்னிக்கு வூட்ல வெறும் ரசம்" என்று நீட்டினேன்.

அவள் தேதியைப் பார்த்தாள்.

"ரசம் எனக்கு. உன்கூட வேல செஞ்சவரு பொண்ணுக்கு அன்னிக்குத்தான் சர்ச்சுல கல்யாணம். நீ பிரியாணிய ரெண்டு தபா வாங்கித் துன்னுட்டு வந்து பாட்டு போட்ட."