ஃப்ளாஷ் வேண்டாம் என்றார் அம்மா

போட்டோவில் பொய் சொல்ல கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆளை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, ஃப்ளாஷ் போடாமல் எடுத்தால் போதும். முடியின் ஓரமெல்லாம் பளபளக்கும். முகம் நிழலில் மங்கி, பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். பார்ப்பவர்கள் சூப்பர் என்பார்கள். போடியில் நான் ஸ்டுடியோ வைத்துப் பதினோரு வருஷமாகிறது. பெண் என்பதால் வரன் பார்க்கும் வீடுகளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பொய்யை நான் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அதில் ஒன்று என் முகத்தில் காறித் துப்பியது.

ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் பெண் அவள். வயது இருபத்தேழு. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை வெண்புள்ளி. அவள் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார். தேமல் என்பார். தை மாதம் இருவரையும் போடிமெட்டுக்குக் கூட்டிப்போய், காலை வெயில் பின்னால் இருக்க, கீழே சமவெளி தெரிய எடுத்தேன். ஃப்ளாஷைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் வேன் வைத்து வந்தது. மாப்பிள்ளையின் அத்தை செல்லில் இருந்த படத்தையும் பெண்ணின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது இந்தப் பிள்ளைதானா என்று கேட்டாராம். வைத்த கேசரியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

பங்குனியில் அந்த அம்மா மறுபடி வந்தார். கம்பத்தில் ஒரு வரன். தரகர் புதுப் படம் கேட்கிறார். அதே இடம், அதே வெயில், அதே மாதிரி வேண்டும் என்றார். அன்றே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜீப் பேசி, விடியும் முன்பே கிளம்பினோம். வளைவுக்கு வளைவு எஸ்டேட் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் எங்களைத் தாண்டிப் போயின. அம்மா வழி முழுக்கப் பேசினார்.

மேலே டிரைவர் டீ குடிக்கப் போனார். பெண்ணை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். கேமராவைத் தூக்கும்போது அவள் கேட்டாள்:

"அக்கா, ஃப்ளாஷ் கொண்டாந்தீங்களா?"

"அதெல்லாம் வேணாம்த்தா," என்றார் அம்மா என்னிடம். "போன தடவ மாதிரியே வெரசா எடு."

"ஃப்ளாஷ் போட்டு எடுங்கக்கா. இல்லாட்டி நான் நிக்கல."

அம்மா மகளிடம் திரும்பினார். "வந்து பேசிப் பாத்தாத்தானடி ஒன் கொணம் தெரியும்? போட்டோவுலயே அதக் காட்டுனா வாசலையே மிதிக்க மாட்டாக."

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெண் அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "சாம்பிள் பையில மேலாப்புல மட்டும் நல்ல காயப் போட்டு ஏலத்துக்கு அனுப்புனா, வாங்குறவன் அடி வரைக்கும் கைய விட்டுப் பாப்பான்மா. பாத்துட்டு மொத்த லாட்டையும் வேணாம்பான். போன தடவ அதான நடந்துச்சு?"

நான் சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சாம்பிளைப் போட்டவள் நான்தான் என்று. அதற்குப் பதில் ஃப்ளாஷை எடுத்துக் கேமரா மேல் மாட்டினேன். அம்மா மேலும், என் மேலும் கோபம். முழு வெளிச்சத்தில் வைத்து நேராக முகத்தில் அடித்தேன்.

கேமராவின் பின்திரையில் படத்தைப் பார்த்தேன். நிறமில்லாத தோல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்திருந்தது. முகத்தில் புள்ளியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கன்னத்தில் காகிதம் ஒட்டியது போல இருந்தது. எட்டிப் பார்த்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெண்ணும் பார்த்தாள். "இதுவும் நான் இல்லக்கா," என்றாள்.

தொழில் தெரிந்தவள் செய்கிற வேலை இல்லை அது. எதிர்வெயிலில் ஃப்ளாஷ் போடுவது நிழலைத் தூக்கிவிடத்தான். வெயிலை விடக் குறைவாக, ஃப்ளாஷ் போட்டதே தெரியாமல் இருக்க வேண்டும். நான் அதை அடிக்கிற கம்பு மாதிரி பிடித்திருந்தேன்.

ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றினேன். கேமராவை அமுக்கினால் தள்ளியிருந்தும் அது அடிக்கும். அதன் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்தேன். முகப்பில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டினேன். பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்திலிருந்து அடிக்க வேண்டும். ஸ்டாண்டை நிறுத்த முடியாத அளவுக்குக் காற்று. பிடிக்க வேறு ஆள் இல்லை.

"பெரியம்மா, இதப் பிடிங்க," என்று பெண்ணின் அம்மாவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டது எனக்கே ஆச்சரியம். முதல் படத்தில் முகம் இருட்டாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஃப்ளாஷ் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பினேன். நான் அமுக்குகிற நேரத்தில் அம்மா மணிக்கட்டைத் தரைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் அதை மறைக்கக்கூட இல்லை.

பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் வெயிலும் இருக்காது, ஊரும் தெரியாது. நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் பெண் மெதுவாகச் சொன்னாள்:

"யம்மா, நேராப் பிடி. நீ தெனமும் பாக்குற மூஞ்சிதான."

அம்மா மணிக்கட்டை நிமிர்த்தினார். பிறகு கையைத் தூக்கினார். துணி கட்டிய முகப்பு மகளைப் பார்த்து இருந்தது. நான்கு படம் எடுத்தேன். மூன்றாவதில் எல்லாம் சரியாக விழுந்திருந்தது. பின்னால் மஞ்சள் வெயில், தெளிவான கண், மாநிறக் கன்னம், அதன் மேல் வெண்புள்ளி உள்ளபடி. அவள் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

படத்தை அங்கேயே அவள் செல்லுக்கு ஏற்றிக் கொடுத்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்வதற்குள் தரகருக்கு அனுப்பிவிட்டாள். ஜீப் பாதி மலை இறங்கும்போது தரகர் கூப்பிட்டு, வேறு படம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாராம். அது பரவுமா என்று ஒரே ஒரு கேள்வி. பெண்ணின் அம்மா தேமல் என்று ஆரம்பித்ததும், பெண் போனை வாங்கியிருக்கிறாள். தேமல் இல்லை, வெண்புள்ளி, கழுத்திலும் கொஞ்சம் வந்துவிட்டது, இன்னும் வரலாம், ஆனால் தொட்டால் யாருக்கும் ஒட்டாது என்று சொல்லியிருக்கிறாள். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரமாகிறது. அவர்கள் வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மா என் ஸ்டுடியோ வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். தை மாதம் எடுத்த படத்தைத் தரகரிடம் அழிக்கச் சொல்லிவிட்டதாகப் பெண் சொன்னாள். என்னிடம் இருந்ததை நானும் அழித்துவிட்டேன்.