மெஷின் மாப்பிள்ளை கையில், போர்டு என் தலையில்

ஜிப்சம் போர்டு சீலிங் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்: மெஷினால் ஸ்க்ரூ முடுக்க ஒருவர், அது முடியும்வரை போர்டைத் தலையில் தாங்க ஒருவர். போர்டு நாலடிக்கு ஆறடி; நான் தாங்குகிறவன். முடுக்குகிறவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் குமரேசன். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஆபீஸை மாற்றிக் கட்டாவிட்டால் தூக்கம் வராது. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் வருகிறார் என்றால் புதிதாக ஒரு சாம்பிள் ரூம் தடுப்பார்கள், அவர் போனதும் அதையே ஸ்டோர் ரூம் ஆக்குவார்கள். அதனால் எங்களுக்கு வேலை வந்துகொண்டேதான் இருக்கிறது.

எந்த மெஷின் வாங்குவது என்று முடிவு செய்வது மாப்பிள்ளை. எங்கள் பக்கம் தங்கச்சி வீட்டுக்காரரிடம் 'இது சரியில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கம் கிடையாது. 'உங்க இஷ்டங்க' என்போம். அடுத்தவர் வாங்கிய சாமானோடு மல்லுக்கட்டும் அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும்.

டிரில் இருக்கும்போது வேறெதற்கு

முதலில் எங்களிடம் இருந்தது சுவரில் ஓட்டை போடும் டிரில் மெஷின். அதன் வாயில் ஒரு ஸ்க்ரூ பிட்டை மாட்டி, இதுவே போதும் என்றார் மாப்பிள்ளை. போர்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் காகிதம் கிழியாமல், அதில் லேசாக அமுங்கி நிற்க வேண்டும் ஸ்க்ரூ. டிரில்லுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த ஸ்க்ரூ எதையும் பிடிக்காது, பக்கத்திலேயே இன்னொன்று போட வேண்டும். ஒவ்வொரு முறை மாப்பிள்ளை 'அட' என்றபோதும் நான் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினேன்.

வேலை முடிந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அம்மா தன் புது கேபினைப் பார்க்க வந்தார். மேலே நிமிர்ந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார்.

"ஏனுங்க, சீலிங்குக்கு அம்மை கிம்மை போட்டிருச்சுங்களா?"

பேட்டரி தீர்ந்த மதியம்

அடுத்து பேட்டரி மெஷின். வயர் தொல்லை இல்லை, சாரத்தில் எங்கு வேண்டுமானாலும் நகரலாம் என்று மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். நாளெல்லாம் தலைக்கு மேல் ஸ்க்ரூ ஏற்றினால் எந்தப் பேட்டரியும் களைத்துப் போகும். ஒரு மூலையில் இரண்டே ஸ்க்ரூ ஏறிய நிலையில் அது நின்றுவிட்டது. இன்னொரு பேட்டரி கீழே வாட்ச்மேன் ரூமில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எடுத்துவரப் போன மாப்பிள்ளையை முதலாளி பார்த்துவிட்டார். முதலாளி பார்த்தால் பேசுவார், பேசினால் டீ வரும்.

சாரத்தின் மேல் நானும் போர்டும் மட்டும் இருந்தோம். கீழே செக்கிங் டேபிளில் விளாத்திகுளத்துக்காரப் பெண் ஒருத்தி தைத்து வந்த பீஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணாச்சி, அந்தப் பலகையை நீங்க தாங்குதீகளா, இல்ல அதைப் பிடிச்சுத் தொங்கிட்டு நிக்கீகளா?"

கடையில்

இனி வயர் மெஷின்தான் என்று மாப்பிள்ளையே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. கடையில் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று போர்டுக்கென்றே செய்தது. எடை குறைவு, வேகம் அதிகம். மூக்கில் ஒரு வளையம், அதைத் திருகி ஆழத்தை வைத்துவிட்டால் ஸ்க்ரூ அந்த ஆழத்தோடு தானே நின்றுவிடும். இன்னொன்று கூரைத் தகடு அடிக்கிற மெஷின். கனம், பலம், நிதானம். 'நிதானம்' என்று கடைக்காரர் சொன்னதுமே என் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிட்டது.

மாப்பிள்ளை இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருப்பதுதான் உழைக்கும் என்றார். போகிற வழியில் ஷெட்டுக்குத் தகடு போடும் வேலை கிடைத்தால் அதற்கும் ஆகும் என்றார். 'அந்த சின்னதையும் ஒருக்கா பார்த்துக்கலாங்களே' என்று இழுத்தேன். பார்த்தார், வைத்தார். பில் போடும்போது கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"மெஷின் புடிக்கப் போறவரு அவருங்க. நீங்க எதுக்குங்க மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

பிளக்கைப் பிடுங்கியவர்

வயர் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பனியன் கம்பெனியில் எந்தப் பிளக் பாயிண்டும் சும்மா இருக்காது. அயர்ன் டேபிள் பக்கம் ஒன்றைக் கெஞ்சி வாங்கினோம். தகடு மெஷின் 'கர்ர்' என்று ஒவ்வொரு ஸ்க்ரூவையும் யோசித்து யோசித்து ஏற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. பஞ்சுத் தூசி அடைத்துவிட்டது என்று மாப்பிள்ளை ஊதினார், தட்டினார், குலுக்கினார். நான் போர்டுக்கடியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கியவர் அயர்ன் போடும் பீகார்க்காரர். அந்த இடத்தில் தன் பெட்டியைச் சொருகியிருந்தார். கேட்டதற்குக் கோபப்படாமல் சொன்னார்:

"அண்ணா, ஷிப்மெண்ட் இன்னிக்கு போகணும். சீலிங் எங்கேயும் போகாது."

கழுத்து

ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கை விரல்கள் மரத்துக் கிடந்தன. பயந்துவிட்டேன். டாக்டர் கழுத்துக்குப் பட்டை கொடுத்தார். தலையில் இப்படியே பாரம் தாங்கினால் கை போய்விடும் என்றார். நான் நின்றுவிட்டால் வேறு ஆளுக்குக் கூலி கொடுத்து இந்தத் தொழில் ஓடாது. இரண்டு குடும்பமும் இதில்தான் சாப்பிடுகிறது. ஸ்க்ரூ சீக்கிரம் ஏறினால் பாரமும் சீக்கிரம் இறங்கும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பொத்தானைப் போட்டுவிட்ட என் மனைவியிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு மரியாதைய வாயில குடுங்க. கழுத்துல எதுக்குங்க குடுக்கறீங்க?"

இடம் மாறி நின்றோம்

அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனியின் பையர் ரூம். நான் கழுத்துப்பட்டையோடு சாரம் ஏறி, இந்த ஒரு போர்டை நீங்கள் பிடியுங்கள், நான் முடுக்குகிறேன் என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளை தலையைக் கொடுத்தார். நான் அவசரப்படவும் இல்லை, வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. அந்த மெஷினின் நிதானத்திலேயே முடுக்கினேன். பாதியில் அவர் மூச்சு மாறுவது கேட்டது. இறங்கியதும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது கையில் அந்தச் சின்ன மெஷின் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த போர்டை நான் தாங்க, அதன் பாரம் கழுத்தில் உறைப்பதற்குள் ஸ்க்ரூக்கள் வரிசையாக ஏறி, அந்தந்த ஆழத்தில் நின்றன. ஒரு காகிதம் கிழியவில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அதைத் தடவிக் கேட்கலாம் போலிருந்தது. மாப்பிள்ளைக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், இதுதான் பறக்குதுங்களே. இனி எதுக்குங்க நாலுக்கு ஆறு? நாளைக்கே நாலுக்கு எட்டு போர்டு சொல்லிரலாங்க."

மெஷினில் எத்தனையோ ரகம் வந்துவிட்டது, தாங்குகிற தலையில்தான் இன்னும் ஒரே ரகம்.