ஃபோன்டனோவின் சிவப்புப் பூட்டு

என் அப்பா உர்ஸின் ஃபோன்டனோ பகலில் தூங்குகிறவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, இரவு முழுக்கக் கொதிகலனுக்குள் இறங்கி வெல்டிங் செய்வார். லூசியானாவில் எங்களுக்கு வீடு உண்டு. பாதி வருடம் அவர் அதில் இருக்க மாட்டார். டெக்ஸாஸ் கரையோரம் ஆலைக்கு ஆலை, மாதக்கணக்கில் தங்கும் விடுதிகளில் கிடப்பார். கூடவே ஒரு ரைஸ் குக்கர், ஓர் இரும்புச் சட்டி, பகல் வெளிச்சம் வராமல் ஜன்னலில் ஒட்ட ஒரு சுருள் அலுமினியத் தாள். தாள் ஒட்டிய ஜன்னலைக் கண்டால் கதவைத் தட்டக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

போர்ட் ஆர்தரில் அவர் கடைசியாகத் தங்கிய விடுதிக்குத் தெரியவில்லை.

கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அறை கொடுக்கும்போது யாரும் சொல்லவில்லை. முதலில் அடுப்பைக் கழற்றினார்கள். அப்பா குளியலறையில் சோறு பொங்கினார். பிறகு அறையை மாற்றினார்கள். திரும்பவும் மாற்றினார்கள். எந்த அறைக்குப் போனாலும் அதற்குப் பக்கத்து அறையை இடித்தார்கள். காலையில் அவர் படுக்கும் நேரமும் அவர்கள் துளைக்கும் எந்திரத்தை எடுக்கும் நேரமும் ஒன்று. சில நாள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, ஜூன் மாத வெயிலில், தன் வண்டிக்குள் தூங்கினார்.

மேலாளர் ரெண்டா ப்ரூயிட்டிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"மிஸ் ரெண்டா, கொதிகலனுக்குள்ள நான் கண்ணசந்தா எனக்கு மட்டும் இல்ல, கூட இருக்கறவனுக்கும் சாவு. கொஞ்சம் தூங்க விடுங்க."

"பகல்ல எவன் தூங்குவான்? பூனைதான் தூங்கும்."

"இங்க தங்கியிருக்கறதே முக்காவாசி பூனைங்கதான். காலையில வாசல்ல நிக்கிற வண்டிங்களப் பாருங்க."

"காதுல பஞ்சு வச்சுக்கங்க, மிஸ்டர் ஃபோன்டனோ."

அப்பா போனில் என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும் ஆலையில்தான் இருக்கிறேன், கட்டுப்பாட்டுக் கருவிகளின் பொறியாளராக. தூங்காதவன் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஆலையில் எந்த எந்திரத்துக்குள் கை வைப்பதானாலும் முதலில் மின்சாரத்தையோ நீராவியையோ நிறுத்தி, பெயர் எழுதிய சொந்தச் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். போட்டவர்தான் திறக்கலாம். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. வெகுகாலத்துக்கு முன்பு, அப்பாவின் கூட்டாளி உள்ளே இருக்கும்போது யாரோ அவன் பூட்டை வெட்டி நீராவியைத் திறந்துவிட்டார்கள். அப்பா அதைப் பற்றிப் பேசுவதில்லை. தன் பூட்டை மட்டும், வேலை இல்லாத நேரத்திலும், இடுப்பிலிருந்து கழற்ற மாட்டார்.

ஒரு காலையில் கழற்றினார். இடிப்பு வேலைக்காக வராந்தாவில் வைத்திருந்த மின்பெட்டியின் சுவிட்சை இறக்கி, பூட்டைப் போட்டுவிட்டு, போய்ப் படுத்தார்.

இடிக்க வந்தவர்களும் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். பூட்டையும் பெயரையும் பார்த்ததும் கருவிகளைக் கீழே வைத்தார்கள். ரெண்டா பூட்டை வெட்டும் கட்டரை நீட்டினாள். ஒருவரும் வாங்கவில்லை.

"இன்னிக்கு அவன் பூட்ட நான் வெட்டுனா, நாளைக்கு எவனாவது என் பூட்ட வெட்டுவான். வேற ஆளப் பாரும்மா."

வராந்தா அடங்கியது. அப்பா தூங்கினார். மாலையில் வேலைக்குக் கூப்பிட வந்த ஃபோர்மன் க்ளோவிஸ், பதில் வராததால், விடுதிக்காரர்களைக் கதவைத் திறக்க வைத்தார். அப்பாவுக்குத் தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

மறுநாள் நான் போனபோது அவருடைய சாமான்கள் குப்பைப் பைகளில் வராந்தாவில் இருந்தன. குக்கரின் மூடி நசுங்கியிருந்தது. ரெண்டா முதலில் கேட்டது, "பூட்டுச் சாவி இருக்கா?"

இருந்தது. அப்பாவின் சாவிக்கொத்தும் போனும் போட்ட பையை க்ளோவிஸ் வாசலிலேயே என் கையில் கொடுத்திருந்தார்.

"அவர் பூட்டு, அவர்தான் திறக்கணும்" என்றேன்.

"ஆளே போய்ச் சேந்தாச்சு. இன்னும் என்ன பூட்டு?"

"அதுக்கும் ஒரு முறை இருக்கு. க்ளோவிஸ் மாமா, நீங்கதான் ஃபோர்மன். முறைப்படி செய்யுங்க."

பூட்டியவர் இந்த இடத்தில் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். க்ளோவிஸ் அறைக்குள் போய், உரித்த மெத்தையைப் பார்த்துவிட்டு வந்தார். "இல்ல" என்றார். அடுத்து அவரைக் கூப்பிட வேண்டும். க்ளோவிஸ் எண்ணை அழுத்தினார். என் கையிலிருந்த பை ஒலித்தது. தானாக நிற்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"போதுமா?" என்றாள் ரெண்டா.

"இல்ல. உன் பூட்ட எடுக்கறோம்னு, அவர் அடுத்த வேலைக்குப் போறதுக்கு முன்னால அவர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

"உங்களுக்குப் பைத்தியமா? நான் போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. எதுக்குன்னு அவங்ககிட்ட விளக்கமா சொல்லுங்க."

அவள் கூப்பிடவில்லை. மின்பெட்டி அன்றும் மறுநாளும் பூட்டியே கிடந்தது.

அப்பாவை எங்கள் ஊரில் அடக்கம் செய்தோம். பெட்டியை மூடுவதற்கு முன் க்ளோவிஸ் குனிந்தார்.

"உர்ஸின், ஒன் பூட்ட எடுக்கறோம்டா. உள்ள யாரும் இல்ல."

அன்றே திரும்பப் போனோம். பூட்டைத் திறந்து என் பையில் போட்டுக்கொண்டேன். ரெண்டா சுவிட்சை மேலே தள்ளினாள். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் துளைக்கும் சத்தம் தொடங்கிவிட்டது. தாள் ஒட்டிய ஒரு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, யாரோ சுவரை ஓங்கி அடித்தார்கள்.