நானூறு கிலோவுக்குள் ஒரு படுக்கை

எங்கள் தெருவில் வால்டா ஃபோர்ட்டைனிடம் கனத்தைக் குறைத்துச் சொல்லி ஜெயித்தவன் கிடையாது. முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன். கேப் டவுன் குப்பைக் கிடங்கின் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். லாரி வாசலில் திரும்பும்போதே டயரைப் பார்த்து டன் கணக்கு சொல்லிவிடுவாள். புருஷனுக்குத் தொப்பை போட்டதையும் ஊருக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாளாம். அவர்கள் வீட்டு விஷயம் எனக்கெதற்கு?

புருஷன் உர்சில் டைல்ஸ் ஒட்டுகிறவர். முப்பது வருஷம் ஊரார் வீட்டுத் தரையில் முட்டிபோட்டதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. போன ஈஸ்டருக்கு வழக்கம்போல் தெருவே கடற்கரைக்குக் கூடாரம் அடிக்கப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் உர்சிலால் தரை மெத்தையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். சும்மா இருக்காமல் நான், “கிரேன் வரச் சொல்லட்டுமாண்ணே?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியிலேயே வால்டாக்காவிடம் சொல்லிவிட்டார். “நீ போய்ட்டு வா. நான் வரல.”

எங்கள் பக்கத்தில் ஈஸ்டருக்கு ஒருவன் கூடாரத்தில் இல்லையென்றால் ஒன்று செத்திருப்பான், இல்லை ஜெயிலில் இருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவரில்லாமல் வால்டாக்கா போனதில்லை. மடக்குக் கட்டில் ஒன்று வாங்கினாள். அது அவரோடு சேர்ந்து மடங்கிவிட்டது. அதன் பிறகுதான், காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற, உள்ளேயே படுத்துக்கொள்கிற கேரவன் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தாள்.

அவர்களிடம் இருப்பதோ பழைய சின்ன சிவப்புக் கார். நாலு பேர் ஏறினாலே மேட்டில் முனகும். அதன் புத்தகத்தில், பிரேக் இல்லாத இழுவண்டியென்றால் சாமானோடு சேர்த்து நானூறு கிலோதான் என்று போட்டிருந்தது. என் சித்தப்பா மகன் ஒரு பெரிய கேரவனை விற்க அலைந்துகொண்டிருந்தான். விற்றுக்கொடுத்தால் எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று வால்டாக்காவைக் கூட்டிப் போனேன்.

“கனம் எவ்வளவுடா?”

“எழுநூறு இருக்கும்க்கா. இழுக்குறதே தெரியாது.”

“யாருக்குத் தெரியாது? விக்கிறவனுக்கா?”

“புத்தகத்துல எல்லாம் பயந்துபோய்க் கம்மியா எழுதுவாங்கக்கா. எங்க மாமா இதவிடச் சின்ன கார்ல இதவிடப் பெருசா இழுத்தாரு.”

“இப்ப எங்க உங்க மாமா?”

“செத்துட்டாரு. ஆனா அது சர்க்கரையில.”

கேட்டவள் விடவில்லை. அவனுடைய லாரியிலேயே கட்டித் தன் எடைமேடைக்கு இழுத்து வரச் சொன்னாள். தொள்ளாயிரத்து நாற்பது! சித்தப்பா மகன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்ததாகப் பார்த்த வண்டிக்கு முந்நூற்று ஐம்பது கிலோ என்று விளம்பரம் வந்திருந்தது. “தண்ணித் தொட்டி, கேஸ், ஸ்டெப்னி எல்லாம் சேர்த்தா?” என்றாள் வால்டாக்கா. “அதெல்லாம் யாரும்மா சேர்ப்பாங்க?” என்றான் விற்கிறவன். “மேடை சேர்க்கும்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மூன்றாவதைப் பார்ல் ஊரில் படகு கட்டுகிற ஒருவர் செய்து வைத்திருந்தார். பிளைவுட்டும் அலுமினியத் தகடுமாக, படுக்கவைத்த தண்ணீர்த் துளி மாதிரி ஒரு வண்டி. உள்ளே நிற்க முடியாது. இரண்டு பேர் படுக்கலாம். பின்மூடியைத் தூக்கினால் அடுப்பும் அலமாரியும். வால்டாக்கா முதலில் அளந்தது படுக்கையின் உயரத்தைத்தான். உர்சில் கை ஊன்றாமல் எழுந்திருக்கிற நாற்காலி வீட்டில் ஒன்றே ஒன்று. அதன் உயரத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். சரியாக இருந்தது. மேடையில் கேஸும் ஸ்டெப்னியும் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறு.

வீட்டுக்கு வந்த வண்டியை உர்சில் சுற்றிப் பார்த்தார்.

“என்னடி இது, சவப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி?”

“சவப்பெட்டிக்கு ரெண்டு பக்கமும் கதவு இருக்குமா? இது உங்க கதவு. உக்காந்து பாருங்க.”

படுக்கை விளிம்பில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்து எழுந்தார். வீட்டுக்குள் போய்த் தூண்டில் பெட்டியைத் தேட ஆரம்பித்தார். எதிரில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து என் மனைவி பார்த்திருக்கிறாள், நான் இட்டுக்கட்டவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாரிடம் இழுவண்டி இருக்கிறதோ, ஈஸ்டருக்கு அவன்தான் தெருவுக்கே சாமான் சுமப்பான். கேட்கக்கூட மாட்டார்கள், கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பெரிய வியாழன் காலையில் வால்டாக்கா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எல்லோரும் வந்தார்கள். கூடாரக் கம்பிகள், வார்ப்பிரும்புச் சட்டிகள், மஞ்சளும் வெங்காயமும் போட்டு ஊறவைத்த மீன் வாளி வாளியாக, ஒரு டிவி. பின்மூடிக்குள் என் சின்ன ஃப்ரீசர், உள்ளே ஆட்டுக்கறியோடு. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷர் உர்சில், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மதியம் வால்டாக்கா வந்தபோது வண்டியின் வால் தரையைத் தொடாத குறை. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, காரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது.

“மூக்குல கனம் இருக்கணும்டா. வால்ல ஏத்தினா ரோட்டுல நாய்வால் மாதிரி ஆடும். இது யாரு ஃப்ரீசர்?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

வாயால் சண்டை போடவில்லை அவள். என் வேனில் கட்டச் சொல்லி நேராக மேடைக்கே கொண்டுபோனாள். தெருவே பின்னால் வந்தது. கழற்றி வைத்ததும் எண் வந்தது: அறுநூற்றுப் பன்னிரண்டு.

உர்சில் வண்டிக்குள்ளிருந்து தன் தலையணையை எடுத்தார்.

“சாமானெல்லாம் போகட்டும் வால்டா. கறி கெட்டுப்போகும். நான் இருந்துக்கிறேன். தொண்ணூத்திரெண்டு கிலோ மிச்சம்.”

“உங்க கனம் இந்த மேடையில இல்ல” என்றாள் அவள். “நீங்க என் பக்கத்து சீட்ல வர்றீங்க. தலகாணிய உள்ள வைங்க.” எங்கள் பக்கம் திரும்பினாள். “என்னடா வேடிக்கை? இது உங்க சாமானுக்கு வாங்கின வண்டியா? இறக்குங்க.”

போன வருஷம் நான் அடித்த கிரேன் ஜோக் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. முதலில் நான்தான் போய் ஃப்ரீசரைத் தூக்கினேன். அதை வேனில் ஏற்ற என் பாட்டுப்பெட்டிகளை வீட்டிலேயே விட வேண்டியிருந்தது. இந்த வருஷம் கடற்கரையில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியதாகக் கேள்வி. கம்பி இறங்கியது, சட்டி இறங்கியது, டிவி இறங்கியது. முந்நூற்று எண்பத்தெட்டு வந்ததும் வால்டாக்கா, “போதும்” என்றாள். மீதியை மூக்குப் பக்கமாக அவளே அடுக்கினாள்.

மலைக் கணவாயில் இரண்டாவது கியரில் ஏறினாள். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். கார் முனகியதே தவிர நிற்கவில்லை. வண்டியும் ஆடவில்லை.

மறுநாள் காலையில் காப்பியை வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் கடலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். கடலையா பார்த்தோம்? அந்தச் சின்னக் கதவு திறந்தது. இரண்டு கால் வெளியே வந்து மணலில் பதிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு உர்சில் எழுந்து நின்றார். தனியாக.

“என்னங்கடா பார்வை? வாளிய எடு, தண்ணி பிடிச்சிட்டு வரேன்.”

குழாய் நூறு அடி தூரத்தில்தான். போனவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒரு கூடாரம் விடாமல் நின்று பேசினாராம். வால்டாக்கா தேடிப் போகவில்லை. பெரிய வெள்ளிக்கென்று சிலுவைக் குறி போட்டுச் சுட்ட பன்னில் வெண்ணெய் தடவி, ஈ மொய்க்காமல் தட்டால் மூடி, அவர் பங்கை எடுத்து வைத்தாள்.