கேட்பாரற்ற ஃபைல்கள்

திங்கட்கிழமை காலை எங்கள் கம்பெனியில் மேனேஜருக்கு ஞாபகம் போய்விட்டது.

பதறாதீர்கள். மனித மேனேஜர் நன்றாகத்தான் இருக்கிறார், வழக்கம் போலக் கத்திக்கொண்டு. நான் சொல்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபைல் மேனேஜரை.

ஓசூரில் நான் பர்ச்சேஸ் பார்க்கும் கம்பெனியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறையப் புலம்பியிருக்கிறேன். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி. ஆபீஸுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆன் செய்தால் நீலத் திரை வரும். இடதும் வலதுமாக இரண்டு கட்டம், கட்டம் முழுக்க ஃபைல்களின் பெயர்கள். அதற்குத்தான் ஃபைல் மேனேஜர் என்று பெயர்.

அந்தப் பெயர்களெல்லாம் நமக்கு எதற்கு? ஒரு பட்டனைத் தட்டினால் நடுவில் மெனு வரும். ஒன்று என்றால் டெலிவரி சலான். இரண்டு, ஸ்டாக். மூன்று, சம்பளம். தட்டு, வேலையை முடி, டீ குடிக்கப் போ... எங்களுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான்.

ஃபேன் வாங்கினால் ரெகுலேட்டர் வருகிற மாதிரி மெனுவும் கூடவே வந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதை உட்கார்ந்து செய்து வைத்தவள் ஷாஹிதா.

ஷாஹிதா எங்கள் டிரெய்னி ஆபரேட்டர். கிருஷ்ணகிரிப் பெண். ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வருகிறாள். டிரெய்னிங் காலம் முடிந்து, அவளுடைய பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகி முதலாளியின் மேஜைக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை கையெழுத்து. ஆர்டர் வந்தால் வேலையும் ஹாஸ்டலும். வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். வீட்டில் போட்ட கண்டிஷன் அது.

"வீட்டுக்குப் போனா அத்தாவோட மாங்கா மண்டியில உக்காரணும்க்கா. அங்க அண்ணனுங்க ரெண்டு பேரு இருக்கிறாங்கோ. நான் போயி இன்னா பண்றது, தராசப் பாத்துக்கினு உக்காந்திருக்கவா?" என்று அப்பாவின் கடையைப் பற்றி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் அவளுடைய அக்காவுக்கு நிக்காஹ். லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தாள். அந்த வாரம் பார்த்துத்தானா முனிரத்தினம் சாருக்கு ஞானம் பிறக்க வேண்டும்?

முனிரத்தினம் எங்கள் குவாலிட்டி இன்சார்ஜ். தங்கமான மனிதர். பெங்களூரில் ஏதோ டிரெய்னிங்குக்குப் போய்விட்டு, கை நிறையச் சிவப்பு டேக்குகளோடு திரும்பி வந்தார். ஜப்பான்காரர்கள் முறையாம். தேவையில்லாத பொருள் எதுவானாலும் சிவப்பு டேக் கட்ட வேண்டும். நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேண்டும். 'இது என்னுடையது' என்று யாரும் வந்து கேட்கவில்லையா... ஸ்கிராப்!

நல்ல முறைதான். ஷாப் ஃப்ளோரில் இருந்த உடைந்த ஸ்டூல்களெல்லாம் ஒழிந்தன. நடக்க வழி கிடைத்தது. மனிதர் அதோடு நிற்க வேண்டுமே! ஆபீஸுக்குள் வந்தார். என் நாற்காலி மேலிருந்த குஷனுக்கே டேக் கட்டினார். "சார், அதத் தூக்கினா என் முதுகையும் சேத்துத் தூக்குங்க" என்று சண்டை போட்டு மீட்டேன். லேபிள் ஒட்டாத ஃப்ளாப்பிகள் மொத்தமாகப் போயின. கடைசியில் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார்.

அதற்குள்ளும் ஹவுஸ்கீப்பிங்காம்!

திரையில் தெரிந்த ஃபைல் பெயர்களையெல்லாம் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஸ்டோர்ஸ்காரர்கள் ஸ்டாக் ஃபைல் எங்களுடையது என்றார்கள். அக்கவுன்ட்ஸ்காரர்கள் சம்பள ஃபைலைப் பிடித்துக்கொண்டார்கள். வாலில் ஐ.என்.ஐ., எம்.என்.யு. என்று என்னென்னவோ தொங்கிய சின்னச் சின்ன ஃபைல்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் அக்காவின் கல்யாண வீட்டில் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை, நாங்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, அத்தனையையும் அழித்துவிட்டார். அழித்த இடத்தைக்கூட விட்டு வைக்கவில்லை, அழித்ததைத் திரும்ப எடுக்கவே முடியாதபடி டிஸ்க் முழுவதையும் ஒழுங்குபடுத்தினார். கட்டிய வீட்டை இடித்து, அஸ்திவாரத்தில் உழுதுவிட்டது மாதிரி.

திங்கட்கிழமை காலை பட்டனைத் தட்டினோம். மெனு வரவில்லை. மறுபடி தட்டினோம். ஊஹூம். நீலம் போய்த் திரை கறுப்பாக இருந்தது. ஃபைல் பெயர்கள் வரிசை மாறிக் கண்டபடி கிடந்தன.

"அய்யய்யோ... எல்லாம் போச்சு!" என்றார் அக்கவுன்ட்ஸ் சீனியர்.

வாசலில் லோடு ஏற்றிய லாரி நின்றது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, மதியத்துக்குள் பெங்களூர்ப் பக்கத்துக் கம்பெனிக்குப் போயாக வேண்டிய சரக்கு. சலான் இல்லாமல் லாரி எப்படி எல்லையைத் தாண்டும்? டிரைவர் மஞ்சுநாத் நிமிஷத்துக்கொரு தரம் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏனம்மா, சலான் ஆய்த்தா?"

ஆகவில்லை அப்பனே, ஆகவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஆபீஸ்களில் முதலில் எதைத் தேடுவார்கள்? வழியையா? ஆளைத்தான் தேடுவார்கள். அதுவும் அங்கே இல்லாத ஆளாகப் பார்த்து.

"அந்தப் பொண்ணுதான் லீவுக்குப் போறதுக்கு முன்னாடி எதையோ தட்டிட்டுப் போயிருக்கு" என்று ஆரம்பித்தார் அக்கவுன்ட்ஸ் சீனியர். நாலு பேர் தலையாட்டினார்கள். முதலாளி கோயம்புத்தூர்க்காரர், சத்தம் போட மாட்டார். மேஜையிலிருந்த ஷாஹிதாவின் ஆர்டரை எடுத்து டிராயருக்குள் வைத்தார். "இத அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "போன வாரம் ஃபுல்லா கம்ப்யூட்டர் ஓடிச்சே சார். அவ தட்டிட்டுப் போயிருந்தா அன்னிக்கே நின்னிருக்காதா?" என்றேன். யார் காதில் விழுந்தது? முனிரத்தினம் சார் மட்டும் வாயைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் பிடித்து, பதினொரு மணி வாக்கில் வந்து சேர்ந்தாள் ஷாஹிதா. கை நிறைய மருதாணி, இடுப்பில் இனிப்பு டப்பா. அவளை ஒருத்தர் வா என்று சொல்லவில்லை. டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"இங்க இருந்த மெனு ஃபைலு, செட்டிங் ஃபைலு எல்லாம் எங்கக்கா?"

முனிரத்தினம் சார் தொண்டையைச் செருமினார். "அது... யாரும் க்ளெய்ம் பண்ணலம்மா. நோட்டீஸ் போட்டு, டைம் குடுத்து, அப்புறம்தான் டெலீட் பண்ணேன்."

"நான் ஊர்ல இருக்கிறப்ப நோட்டீஸ் ஒட்டினா, நான் எங்கேருந்து சார் க்ளெய்ம் பண்றது? கல்யாணப் பந்தல்லருந்தா?"

டிரெய்னி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் அதோடு நிறுத்தவில்லை.

"ஃபைல் மேனேஜருக்குன்னு தனியா ஞாபகம் இல்ல சார். எந்தக் கலரு, எது மேல எது கீழ, எந்த நம்பருக்கு எந்த புரோகிராமு, எல்லாம் அந்தச் சின்ன ஃபைல்லதான் எழுதி வெச்சிருந்தேன். தினமும் காலைல அதப் படிச்சிட்டுத்தான் அது வேலைக்கே வரும். உங்களோட ஒரு பில்லு கூடப் போகல. ஸ்டாக்கு, சம்பளம் எல்லாம் உள்ள அப்படியே இருக்குது. போற வழிதான் போயிடுச்சு."

சொல்லிக்கொண்டே, ஃபைல்கள் கிடக்கும் ஒவ்வொரு டைரக்டரியாக உள்ளே போனாள். சலான் புரோகிராமைத் தேடிப் பிடித்து நேரடியாக ஓட்டினாள். பிரின்டர் கர்ர்ரென்று கத்தியது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம். மஞ்சுநாத் சலானைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

லாரி போய்விட்டது. மெனு? காப்பி எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பி, லேபிள் இல்லாத குற்றத்துக்காக ஸ்கிராப் வண்டியில் எப்போதோ போய்விட்டது. ஷாஹிதாவுக்கும் அத்தனையும் நினைவில் இல்லை. தேவைப்பட்டபோதெல்லாம் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தது அது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் முனிரத்தினம் சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ டைப் பண்ணும்மா. யாருக்கு என்ன வேணும்னு நான் கேட்டுட்டு வரேன்." ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ், டெஸ்பாட்ச் என்று அவரே ஓடினார். எல்லோரும் வந்து திரையைச் சுற்றி நின்றுகொண்டோம். பழைய மெனுவில் எல்லாம் இங்கிலீஷ் பெயர்கள். இந்தத் தடவை அவரவர் வாயில் வருவதையே இங்கிலீஷ் எழுத்தில் போடச் சொன்னார்கள். சலானுக்கு 'லாரி கெளம்புது'. ஸ்டாக்குக்கு 'எவ்ளோ இருக்கு'. என்னுடைய பர்ச்சேஸுக்கு 'மேடம் திட்டுவாங்க' என்று போட்டது யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் பட்டனைத் தட்டினாள். மெனு வந்தது! நீலத்தில், பளிச்சென்று. கைதட்டினோம். ஒரு கம்ப்யூட்டர் மெனுவுக்குக் கண் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பாருங்கள், சுமுகமாக ஓடுகிற எந்த இடத்திலும் இப்படிச் சத்தம் போடாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைச் செய்து வைத்த ஓர் ஆளும் இருக்கிறார். நன்றாக ஓடுகிற வரைக்கும் இரண்டும் நம் கண்ணில் படுவதில்லை. அவரைக் கண்டுபிடிக்க நாம் ஏன் ஒவ்வொரு தடவையும் எதையாவது உடைத்தாக வேண்டும்?

முனிரத்தினம் சார் எழுந்து நேராக முதலாளியின் ரூமுக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"சார், காலைலயே சொல்லியிருக்கணும். அழிச்சது நான். எல்லாரும் அந்தப் பொண்ண சொன்னப்ப பயத்துல பேசாம இருந்துட்டேன். அந்த ஆர்டர எடுங்க சார், கையெழுத்து போட்டுடலாம்."

இத்தனை பேர் காதுபட இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! காலையில் அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போன இடம் தெரியவில்லை.

முதலாளி டிராயரைத் திறந்தார். ஷாஹிதாவைக் கூப்பிட்டார். "இவ்வளவு வேல பண்ணிருக்கறயே கண்ணு, ஒரு வார்த்த சொல்றதில்லையா?"

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆர்டரை அவள் படிக்கவில்லை, படிக்க முடியவில்லை. துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். கிருஷ்ணகிரி லைன் கிடைத்தது. வேலை நிரந்தரம், ஆர்டர், கையெழுத்து... எதையும் அவள் சொல்லவில்லை.

"அத்தா, வீட்ல இருக்கிற அந்தக் கம்பளிய நாளைக்கி பஸ்ல குடுத்து வுடுங்க. இந்தக் குளுருக்கும் நான் ஓசூர்லதான் இருக்கப் போறேன்."